குட்டி யானையில் ஒரு பெரிய பிடில்

அந்தப் பெட்டிக்குள் ஆள் படுத்திருப்பதாக
அடிவாரம் செக்போஸ்ட்டில் சந்தேகப்பட்டார்கள்.
குட்டி யானையின் கதவை இறக்கித்
திறந்து காட்டினேன்.
பிடில்தான் சார். கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

பின்லாந்து என்றார்கள். ஐந்து பேர். ஜாஸ்.
ஏற்காட்டில் தோட்டக்காரர்கள் கிளப்பில்
ஒரு ராத்திரிக் கச்சேரி.
மைக் செட் நம்முடையது, அம்மாபேட்டை.
காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடிப் பதினெட்டு
எதற்கும் நாலு பாக்ஸ் போதும் எனக்கு.
இவர்களுக்கு ஒன்பது மைக்.
ஆளுக்கு மூன்று வாத்தியம்;
எப்போது எதை எடுப்பார்கள் என்று
அவர்களுக்கே தெரியாதாம்.
பாட்டுப் பட்டியல் கேட்டால் சிரிக்கிறார்கள்.

முந்தின நாள் மத்தியானம்
டிரம்ஸ் வாசிக்கும் சிர்க்கா
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கினாள்.
டிசைன் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றாய்க் காதருகே குலுக்கிக் குலுக்கி
இருபத்தேழாவதை எடுத்தாள்.
கடைக்காரர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்:
பூட்ஸ்.
"யாருக்கும்மா?"
காற்றில் ஒரு தட்டு வரைந்து காட்டினாள்.
பில்லில் என்ன பெயர் எழுதினாரோ.

பெரிய பிடில்காரர் வெய்க்கோ
பேசவே மாட்டார்.
தட்டுவடை செட் வண்டியில் நின்று
ஏழு தின்ற பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.
எந்த மொழியோ,
வண்டிக்காரர் எட்டாவதை வைத்தார்.

கச்சேரி ஏழு மணிக்கு. பனி ஆறரைக்கே வந்து
முன்வரிசையைப் பிடித்துக்கொண்டது.

எந்தப் பாட்டும்
எங்கே ஏறும், எங்கே இறங்கும்,
எங்கே எக்கோ போட வேண்டும் என்று
என் கைக்குத் தெரியும், நான் வேண்டியதில்லை.
இவர்கள்
ஏறும் என்று நினைத்த இடத்தில்
ஒருவர் நிறுத்திக்கொண்டு மற்றவரைப் பார்க்கிறார்,
பந்தியில் "நீங்க உக்காருங்க" என்பதுபோல.
அவரும் உட்காரவில்லை.
நடுவில் ஒரு காலி இலை.
அந்த இடம் பார்த்து நான் சவுண்டைக் கூட்டிவிட்டேன்;
ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது.

சாக்ஸபோன் ஊதிய ஒன்னி
அந்தக் கத்தலையே பிடித்துக்கொண்டான்,
திருப்பினான், வளைத்தான், நீட்டினான்.
என் தப்பு, அவன் ராகம்.
சனம் கைதட்டியது.
அந்தப் பனியில் வேர்த்தவன் நான் ஒருத்தன்தான்.

மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
மாதையன் ஜெனரேட்டருக்கு ஓடினான்.
இருட்டுக்குள் இருந்து குச்சியால் ஒரு தட்டு:
வேண்டாம்.
கீபோர்டு செத்துவிட்டது; டார்யா
வாயால் ஊதும் கட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தாள்.
கிட்டார் செத்துவிட்டது; பெக்கா
அதன் முதுகில் தாளம் போட்டான்.
வெய்க்கோவுக்கு எதுவும் சாகவில்லை.
நாலு கம்பியில் அவர் பாட்டுக்கு
நடந்துகொண்டே இருந்தார்,
டார்ச் இல்லாமல் மலையிறங்குகிறவர் மாதிரி.

கொலுசு அப்போதுதான் கேட்டது.
மேலே தொங்கும் பித்தளைத் தட்டின் விளிம்பில்.
அதுவரை என் ஒன்பது மைக்கில்
எதிலும் அது விழவில்லை.

நாற்பது நிமிடம் எனக்கு வேலையில்லை.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு கச்சேரியில் சும்மா உட்கார்ந்தது அன்றுதான்.
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஸ்வெட்டர் பைக்குள் வைத்தேன்.
உள்ளே விரல்கள்
எதையோ ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன.

கிளப் செக்ரட்டரி கணக்கில் கறார்.
"ஜெனரேட்டர் ஓடலையே,
ஆயிரத்தைந்நூறு கழிச்சுக்கலாமா?"
கழிச்சுக்கங்க.

விடியற்காலை கம்பளத்தை உதறும்போது
கொலுசு முத்து ஒன்று விழுந்தது.
சிர்க்காவிடம் நீட்டினேன். தலையாட்டிவிட்டு
பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
வேண்டாம் என்றா, வைத்துக்கொள் என்றா?

ஃபியூஸ் டப்பாவில் போட்டு
டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.
அவர்கள் கொச்சி போய், ஊர் போய்
நாளாகிவிட்டது.
லோடு இறக்கிவிட்டு மலையிறங்கும்போது
வளைவுக்கு ஒரு தரம் கிணுங்குகிறது.
இருபது வளைவு.
பன்னிரண்டில் மட்டும்
ஏனோ
வாயைத் திறப்பதில்லை.